இதயக் கதவும் தேயிலைச் சரிவும்

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி ஒருவர்)

முன்னுரை

நம் கல்லூரி ஸ்டோன்ஹவுஸ் குன்றின்மீது அமைந்துள்ளது. காலையில் முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பை அடைய வேண்டி அந்த ஏற்றத்தில் விரைந்து நடக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் நடுவில் நின்று மூச்சு வாங்கியிருப்போம். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கே. எனவே நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயுவும் முக்கால் பங்கே. நலமுள்ள இதயம் சற்று விரைந்து துடித்து இக்குறையை ஈடு செய்துவிடுகிறது. நாமும் நின்றதை மறந்துவிட்டு வகுப்புக்குச் சென்றுவிடுகிறோம்.

என் தாயார் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. சில ஆண்டுகளுக்கு முன் அவரும் சரிவில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். முதலில் மலையேறும்போது நின்றார். பின்னர் சமதரையிலும் நின்றார். கடைசியில் இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை விழித்திருந்தார். 2023 மே மாதத்தில் கோவையில் அவருக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. அறுவைக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அவர் மீண்டும் வேலைக்குத் திரும்பி நிலைபெறுவதற்கோ எட்டு மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி நூல்கள் பல உள்ளன. இந்த எட்டு மாதங்களைப் பற்றி எங்களுக்குச் சொல்வார் எவருமில்லை. ஆகவே நான் பாடமாகப் படித்ததையும் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் ஒருசேர எழுத முற்படுகிறேன்.

நான்கு கதவுகள்

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. வலப்புறம் மூவிதழ் வால்வு, நுரையீரல் தமனி வால்வு. இடப்புறம் ஈரிதழ் வால்வு, பெருந்தமனி வால்வு. இவற்றின் வேலை ஒன்றே: இரத்தத்தை முன்னோக்கி விடுவது, பின்னோக்கி வராமல் தடுப்பது. கிணற்றுப் பம்பின் அடியில் உள்ள புட்வால்வைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புட்வால்வு கெட்டால் மோட்டார் எவ்வளவு நல்லதாயினும் தண்ணீர் ஏறாதன்றோ?

நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால் இக்கதவுகள் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவையும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கோடி தடவையும் திறந்து மூடுகின்றன. நலமுள்ளவர்க்கு ஈரிதழ் வால்வின் திறப்பு நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது ஒன்றரைக்கும் கீழே சுருங்கினால் நோய் கடுமையாகிவிட்டது என்று பொருள். அப்போது இடது ஆரிக்கிளில் தேங்கும் இரத்தத்தின் அழுத்தம் நுரையீரலைச் சென்று தாக்குகிறது. மேடேறும்போது இதயம் விரைந்து துடிப்பதால் அந்தச் சிறு வழியே இரத்தம் இறங்குவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. மூச்சுத் திணறல் மலையில் முதலில் தெரிவதன் காரணம் இதுவே. என் தாயாரின் வால்வு சுருங்கியிருந்ததோடு சுண்ணாம்பு படிந்து கசியவும் செய்தது. ஜப்பானிய மருத்துவர் இனோவே 1980-களில் வகுத்த பலூன் முறையால் சுருங்கிய வால்வை அறுவையின்றியே விரிக்கலாம். ஆயினும் கசியும் வால்வுக்கு அது பொருந்தாது. எனவே மாற்றுவதே வழி என்றாயிற்று.

தொண்டையில் தொடங்கும் நோய்

இந்நோயின் தொடக்கம் இதயத்தில் அன்று, தொண்டையில். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியால் குழந்தைகளுக்குத் தொண்டை அழற்சி உண்டாகிறது. அதைக் கவனியாது விட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வருகின்றன. இன்று முழங்கால், நாளை கணுக்கால் என வலி இடம் மாறிச் செல்லும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். நுண்ணுயிரியை எதிர்க்க உடல் உண்டாக்கிய படையே தவறிப்போய்த் தன் இதய வால்வைத் தாக்குகிறது. மூட்டு வலி தானே நீங்கிவிடும்; வால்வில் விழுந்த வடு நீங்காது. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளே பெரும்பாலும் இதற்கு ஆளாகின்றனர். ஒரே அறையில் பலர் நெருங்கி வாழும் வீடுகளில் இது எளிதில் பரவுகிறது.

என் பாட்டி, 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுள் ஒருவர். ஒரே அறை கொண்ட லயன் வீட்டில் எட்டுப் பேர் வாழ்ந்த காலத்தில், பத்து வயதுச் சிறுமியாயிருந்த என் தாயாருக்கு மூட்டு வீங்கி ஒரு மாதம் நடக்க முடியாமல் போயிற்றாம். "வளர்ற புள்ளைக்கு வர்ற வலி" என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்று சில ரூபாய்ப் பென்சிலினில் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று, முப்பது ஆண்டுகள் கழித்து மார்பைப் பிளக்க வேண்டிய நோயாக வந்து நின்றது.

செயற்கை வால்வு வந்த வழி

இதயத்தை நிறுத்திவைத்து அறுவை செய்வதற்கு, அதன் வேலையை வெளியிலிருந்து பார்க்கும் இயந்திரம் தேவை. அமெரிக்காவில் ஜான் கிப்பன் 1953 இல் இதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு அறுவை செய்து வெற்றி கண்டார். 1960 இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் செயற்கை வால்வை ஈரிதழ் வால்வின் இடத்தில் பொருத்தினர். நம் மாநிலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1960-களிலேயே திறந்த இதய அறுவையில் இறங்கியது.

ஆனால் வால்வுகள் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. ஏழைகளுக்கு அவற்றின் விலை எட்டாக் கனியாயிருந்தது. இக்குறையைப் போக்க முனைந்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒன்றுகூடி உழைத்தனர். அவர்கள் செய்த முதல் மூன்று வடிவங்களும் தோல்வியுற்றன. ஒன்றில் நீலக்கல் வட்டே உடைந்துபோயிற்று. நான்காவது வடிவத்தில் கோபால்ட் கலந்த உறுதியான உலோகக் கூடும், அதனுள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டும் அமைந்தன. 1990 டிசம்பர் 6 ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்க, இன்றுவரை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் மார்பில் அது துடித்திருக்கிறது. 2024 ஜூலையில் வலியத்தான் மறைந்த செய்தியை நாளேட்டில் படித்துக் காட்டியபோது, என் தாயார் ஒன்றும் பேசாமல் மார்பில் கை வைத்துக்கொண்டார். அவருக்குள் இருப்பதும் அந்தச் சித்திரை வால்வே.

2009 இல் தமிழக அரசு தொடங்கி 2012 இல் புதுவடிவம் பெற்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாதிருந்தால் இந்த அறுவையை நாங்கள் நினைத்தும் பார்த்திருக்க முடியாது என்பதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

எலும்பு கேட்கும் மூன்று மாதம்

அறுவைக்காக மார்பெலும்பை நெடுக்கில் அறுக்கிறார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். அது ஓரளவு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழுவலிமை பெற மூன்று மாதம் ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்குதல் கூடாது. ஒரு கையை மட்டும் ஊன்றி எழுதலும் கூடாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். மேசை முன் அமர்ந்து வேலை செய்வோர் பெரும்பாலும் இரண்டு மாதங்களில் திரும்பிவிடலாம். உடலுழைப்பாளருக்கு மூன்று மாதங்களோ அதற்கு மேலோ தேவை.

நடையே மருந்து என்றார் மருத்துவர். முதல் வாரம் லயன் வாசலில் ஐந்து நிமிடம். பின்னர் தண்ணீர்க் குழாய் வரை. பின்னர் கோயில் வரை. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி, பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுதி என்பது அவர் கற்றுத்தந்த எளிய அளவுகோல். கடலோரத்தில் இருப்பவர்க்குச் சொல்லும் அளவை அப்படியே மலைக்குக் கொள்ளுதல் ஆகாது. குன்னூரிலும் காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்கே. சமதரை என்பதோ அங்கு அரிது. எனவே முதலில் இறக்கத்தில் போய் ஏற்றத்தில் களைத்து வருவதை விடுத்து, புதுத்தெம்பு இருக்கும்போதே ஏறிவிட்டுத் திரும்புகையில் இறங்குமாறு வழியை மாற்றிக்கொண்டோம்.

மாத்திரையும் முட்டைக்கோசும்

உலோக வால்வு உடலுக்கு அயலான பொருள். அதன்மேல் இரத்தம் உறைந்து கட்டியாக ஒட்டினால் வால்வு அடைபடலாம். கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம். எனவே வாழ்நாள் முழுதும் இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை உண்ண வேண்டும். வார்பாரின், அசினோகூமரால் என்பன அவை.

இம்மருந்தின் வரலாறு சுவையானது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் இறந்தன. 1933 இல் ஒரு விவசாயி உறையாத இரத்தத்தைக் குடத்தில் சுமந்துகொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கே கார்ல் லிங்க் என்னும் வேதியியலறிஞர் தம் குழுவினருடன் ஆராய்ந்து அதன் காரணப்பொருளைப் பிரித்தெடுத்தார். அவ்வழியில் பிறந்த வார்பாரின் 1948 இல் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதருக்கு மருந்தாயிற்று. நஞ்சும் மருந்தும் அளவால் வேறுபடுவன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அளவை அறிவதற்கு ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை உண்டு. மருந்து உண்ணாதவர்க்கு அது ஏறக்குறைய ஒன்று. ஈரிதழ் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்க்குப் பொதுவாக இரண்டரை முதல் மூன்றரைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் உறைகட்டி, மிகுந்தால் இரத்தப்போக்கு: ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் பள்ளம் இருப்பது போல.

இம்மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதன் வாயிலாகவே செயல்படுகிறது. அந்த வைட்டமின் கீரையிலும் முட்டைக்கோசிலும் நிறைந்துள்ளது. நீலகிரியிலோ முட்டைக்கோசு அறுவடைக் காலத்தில் மூன்று வேளையும் அதுதான். ஒரு வாரம் கோசாக உண்டு மறுவாரம் தொடாமலிருந்தால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். கீரையை விலக்க வேண்டியதில்லை; வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்பதே வேண்டுவது. நாம் அன்றாடம் பருகும் தேநீரால் தீங்கில்லை. வடித்த சாயத்தில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் கேளாமல் உண்ணலாகாது. பல் பிடுங்குமுன் வால்வு உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் காணவேண்டும்; வார்பாரின் கருவைத் தாக்கும்.

அட்டை கடித்த நாள்

செப்டம்பரில் என் தாயார் வேலைக்குப் போக அனுமதி கிடைத்தது. "இலகு வேலை கொடுக்கவும்" என்று மருத்துவர் ஒரு சீட்டு எழுதித் தந்தார். காலைப் பெரட்டில் அதைப் பார்த்த மேஸ்திரி, "தோட்டத்துல இலகு வேலைன்னு ஒண்ணு இல்லையே அக்கா, கொழுந்துக்கு வந்தா வாங்க" என்றார். வீட்டில் கடன் இருந்தது. அம்மா கொழுந்துக்கே போனார். உடன் பறித்த பெண்கள் அவருடைய மூட்டையையும் தங்கள் மூட்டையோடு சேர்த்து எடைக்குச் சுமந்தனர். அந்தக் கடனை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

நவம்பர் மழையில் ஒரு நாள் அவர் காலில் நான்கு இடங்களில் அட்டை கடித்திருந்தது. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹிருடின் என்னும் பொருள் உண்டு என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். மாத்திரையும் ஹிருடினும் சேர்ந்துகொள்ள, மாலை வரை இரத்தம் கசிந்தது. அம்மா என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள நீயே சொல்லு, மாத்திரைய நிறுத்திரட்டுமா?" என்று கேட்டார். நான் ஹிருடினைப் பற்றி அறிந்தவள். வால்வைப் பற்றிப் படித்தவள். "இரண்டு நாளைக்கு வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. இரத்தம் நின்றது, நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மாதச் சோதனை. ஐ.என்.ஆர். 1.4 என்று வந்தது. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பின்னர், "அட்டைக் கடியில யாரும் சாகறதில்லம்மா. வால்வு அடைச்சா அரை மணி நேரம்கூட இருக்காது. யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நானாத்தான் நிறுத்தினேங்க ஐயா" என்றார். சில நாட்கள் ஊசி போட்டு, மாத்திரை அளவை மீண்டும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லவேளை, தீங்கொன்றும் நேரவில்லை. அன்று பேருந்தில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வீடு வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. பாதி அறிவு எவ்வளவு கொடியது என்பதை எந்தத் தேர்வும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை. செய்ய வேண்டியிருந்தது இவ்வளவே: கடிவாயைக் கழுவி, சுத்தமான துணியால் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தல், நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுதல், மாத்திரையில் கை வைக்காதிருத்தல்.

எந்த வேலைக்குத் திரும்புவது?

மறுமுறை நான் மருத்துவரிடம் வேறொன்று கேட்டேன். "இலகு வேலை என்று எழுதாமல், என்னென்ன செய்யலாம், என்னென்ன கூடாது என்று எழுதித் தருவீர்களா?" அவர் சற்று யோசித்து எழுதினார்: பத்துக் கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது, வழுக்கும் சரிவில் சுமையோடு ஏறலாகாது, தலையில் அடிபட்டால் ஆபத்து, கவாத்துக் கத்தி பிடிக்கலாகாது, நின்றோ அமர்ந்தோ எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், மாதம் ஒரு நாள் இரத்தச் சோதனைக்கு விடுப்பு வேண்டும்.

இச்சீட்டைக் கண்ட தோட்டத்துத் தொரையிடம் மறுப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை. "இது நர்சரி வேலைக்குச் சரியாக இருக்குமே" என்று அவரே சொன்னார். இலகு வேலை என்னும் சொல்லுக்குத் தோட்டத்தில் இடமில்லை. பத்துக் கிலோ என்னும் எண்ணுக்கு இடமிருந்தது. 2024 ஜனவரி முதல் என் தாயார் நாற்றுப்பண்ணையில் மண் சலித்துப் பைகளில் நிரப்பித் தேயிலைக் குச்சிகளை நட்டு வருகிறார். கூடுதல் கிலோவுக்குக் கிடைத்த பணம் இல்லாமற் போயிற்று. அது எங்கள் வீட்டில் சிறிய இழப்பன்று. ஆனாலும் மாதந்தவறாமல் சம்பளம் வருகிறது.

1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவமனையையும் நோய்க்கால உதவித்தொகையையும் தொழிலாளிக்கு உரிமையாக்கியது. அது பெரும் பேறு. எனினும் நோயாளி என்றும் நலமுள்ளவர் என்றும் இரண்டே வகையாகத் தொழிலாளரைப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. வால்வு மாற்றியவர் இவ்விரண்டிலும் சேராதவர். அவர் வேலை செய்ய வல்லவர். எல்லா வேலையும் செய்ய வல்லவரல்லர். அவருக்குரிய வேலையைத் தேடிக் கொடுப்பது இரக்கச் செயலன்று. சிகிச்சையின் இறுதிப் பகுதியே அது.

முடிவுரை

அறுவை மருத்துவர் கதவை மாற்றித் தருகிறார். அக்கதவு நாளும் ஒரு லட்சம் முறை பழுதின்றித் திறப்பதற்கு மாத்திரையும் சோதனையும், பொருந்திய வேலையும், மூட்டையைப் பகிர்ந்து சுமக்கும் தோழியரும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை வீணாகும்.

மாணவ நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். தொண்டை வலியுடன் காய்ச்சல் கண்ட தம்பி தங்கையரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் மூட்டு வீங்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்க்கு மூன்று நான்கு வாரத்திற்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசியை, மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை தவறவிடாதீர்கள். உங்கள் வீட்டில் வால்வு மாற்றியவர் இருந்தால், படித்தவர் என்ற முறையில் அவருக்கு அறிவுரை கூறுமுன் அவரைக் கவனிக்கும் மருத்துவரைக் கேளுங்கள்.

கடந்த பொங்கலன்று இரவு லயனில் சந்தடி அடங்கிய பின் அம்மாவின் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். பிளாஸ்டிக் வட்டு ஆனதால் அதன் ஓசை மிக மெல்லியது. "என்னம்மா, சரியா ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுதும்மா" என்றேன். "அப்ப விளக்க அணை. காலையில பெரட்டுக்குப் போகணும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.